பதினெட்டு டிகிரி

கிளெமென்ட் அண்ணா ஆக்லாந்தில் எத்தனை வீடுகளில் ஹீட் பம்ப் மாட்டியிருக்கிறார் என்று கேட்டால், "ஆயிரத்துக்கு மேல வரும் தங்கச்சி, எண்ணேல்லை" என்பார். அவர் பன்னிரண்டு வருடம் குடியிருந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. இதை எழுத உட்காரும்போதே எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்பது போகப்போகத் தெரியும்.

நான் நியூ லின்னில், ரயில் நிலையத்துக்கு எதிரே, வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கரூர். வீட்டுக்காரர்கள் எங்களிடம் வீட்டை ஒப்படைப்பார்கள். வாடகை வாங்குவது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, காகிதங்களைச் சரியாக வைத்திருப்பது எல்லாம் எங்கள் பாடு. சூடு சம்பந்தமான வேலை என்றால் நான் கூப்பிடுவது கிளெமென்ட் அண்ணாவைத்தான். வெள்ளை வேன், கூரையில் ஏணி, கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை. ஒன்பது மணி என்றால் எட்டு ஐம்பதுக்கு வாசலில் நிற்பார்.

மன்னார் பக்கம் பேசாலையில் பிறந்தவர். இருபது வயதில் மீனுக்கு ஐஸ் கட்டி செய்யும் ஆலையில் மெஷின் பார்த்தார். பிறகு தோஹாவில் ஏசி மெக்கானிக். அதன் பிறகு இங்கே. "மன்னாரில மீனுக்குக் குளிர் குடுத்தன், தோஹாவில ஷேக்குமாருக்குக் குளிர் குடுத்தன், இஞ்ச வந்து வெள்ளைக்காரனுக்குச் சூடு குடுக்கிறன். மெசின் ஒண்டுதான். பிரிட்ஜுக்குப் பின்னால கைய வைச்சுப் பாத்திருக்கிறீரோ? அந்தச் சூடுதான் இது" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே இந்தக் கருவி விளங்கியது. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அந்தக் காற்றில் மிச்சம் இருக்கும் சூட்டைப் பிழிந்து எடுத்து வீட்டுக்குள் விடுகிறது. காஸ் எரிய வேண்டாம், விறகு எரிய வேண்டாம், கரண்டும் கொஞ்சம்தான்.

அதனால் இப்போது ஊர் முழுக்க இதே பேச்சு. வசதியான பகுதிகளில் நல்ல நிலையில் இருக்கும் காஸ் ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு ஹீட் பம்ப் வைத்துக்கொள்கிறார்கள். பூமி சூடாவதைத் தடுக்க வேண்டுமாம். தடுக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. அந்த வீடுகளுக்குப் போய்ப் பிடுங்குகிறவரும் மாட்டுகிறவரும் இவர்தான். அறைக்கு அறை ஒன்று, நாய் படுக்கும் இடத்துக்குக்கூட ஒன்று. மாட்டி முடித்துவிட்டு அவர் தன் வீட்டுக்குப் போனால், வாசலில் கழற்றிய ஜாக்கெட்டை உள்ளே போய்த் திரும்பப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக்லாந்துக் குளிர் என்றால் இதே நாட்டின் தென் தீவுக்காரர்கள் சிரிப்பார்கள். பனி விழாது, தண்ணீர் உறையாது. ஆனால் இங்கே குளிர் இருப்பது வெளியில் இல்லை, வீட்டுக்குள். மெல்லிய மரச்சுவர், சரிவில் நிற்கும் பழைய வீடு, வெயில் படாத பக்கம் பார்த்த ஜன்னல். காலையில் ஜன்னல் கண்ணாடி உள்பக்கம் அழுதுகொண்டிருக்கும். அலமாரியில் வைத்த பட்டுப்புடவையில் பூஞ்சை பிடிக்கும். கிளெமென்ட் அண்ணா குடும்பத்தின் வீடு அப்படிப்பட்டது. அதன் கோப்பும் என்னுடைய மேசையில்தான் இருந்தது.

வீட்டுக்காரர் ஏரம்பமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் அலுவலகத்தில் எட்டு வீடுகள் வைத்திருப்பவர். தமிழ்ச் சங்க மேடையில் முன்வரிசை ஆள். எல்லாருக்கும் மூர்த்தி அண்ணை. நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அதில் பொய்யும் இல்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு இந்த ஊரில் யாரும் வீடு தர மாட்டார்கள். பழைய வாடகைச் சான்று கேட்பார்கள், வந்து இரண்டு நாள் ஆனவன் எங்கே போவான்? கிளெமென்ட் அண்ணாவும் மனைவி விக்ரோறியா அக்காவும் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு திரிந்த ஆறு வயது மகள் ஜனுஷாவும் வந்து இறங்கியபோது, விமான நிலையத்துக்கே வந்து சாவியைக் கையில் கொடுத்தவர் மூர்த்தி அண்ணை. ஒரு காகிதமும் கேட்கவில்லை. அந்தச் சாவியை கிளெமென்ட் அண்ணா கடைசி வரை மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விக்ரோறியா அக்கா முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். அந்த இல்லத்தில் எப்போதும் இருபத்திரண்டு டிகிரி. வீட்டில் இருமல் விடாது, வேலைக்குப் போனால் நெஞ்சு லேசாகும். குளிர்காலத்தில் யாராவது லீவு போட்டால் அந்த ஷிப்டையும் கேட்டு வாங்கிக்கொள்வார். உழைப்பாளி என்று இல்லத்தில் பாராட்டுப் பத்திரம்கூடக் கொடுத்தார்கள். பாராட்டினவர்களுக்கு விஷயம் தெரியாது. அந்த அம்மா அங்கே போனது மூச்சு விட.

இரண்டு வருடத்துக்கு முன் அதுவும் முடியாமல் போனது. நுரையீரல் கெட்டுவிட்டது, தூக்கிப் பிடித்து நோயாளிகளைத் திருப்பும் வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர். சக்கரம் வைத்த காஸ் ஹீட்டரை வீட்டில் எரிக்கக்கூடாது, அது ஈரத்தைத்தான் கக்கும். அறை காய்ந்து இருக்க வேண்டும், பதினெட்டு டிகிரிக்குக் கீழே போகவே கூடாது. அப்படிச் சொல்லித்தான் அனுப்பினார். அன்றிலிருந்து பகல் முழுக்க அந்த அம்மா அதே வீட்டில், ஒரு குட்டி மின்விசிறி ஹீட்டரைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஆய்வுக்குப் போனபோது ஹாலில் என் வெப்பமானி பதின்மூன்று காட்டியது. குறித்துக்கொண்டு வந்தேன். குறித்துக்கொள்வது என் வேலை.

ஜனுஷா பதினெட்டு வயதானதும் நகர மையத்தில் மாணவர் பிளாட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு வரும்போதெல்லாம் அவளுக்கு ஒரே கேள்வி. "வை டோன்ட் யூ ஜஸ்ட் புட் ஒன் இன், டாட்? யூ டூ இட் எவ்ரி டே."

அவர் கேட்காமல் இல்லை. பிடுங்கிப் போடும் பழைய ஹீட் பம்ப்களில் நன்றாக ஓடுவதும் உண்டு, அதில் ஒன்றைத் தன் கையாலேயே மாட்டிக்கொள்கிறேன் என்று மூர்த்தி அண்ணையிடம் போய்க் கேட்டார். "பாவிச்ச பழசைப் பூட்டினா பிறகு பேப்பருக்குச் சரிவராது தம்பி. சுவரில ஓட்டை போடாதையும். அரசாங்கச் சட்டத்துக்கு எப்பிடியும் நான் புதுசு போடத்தானே வேணும். பொறும்" என்றார் அவர். பொறுத்தார். சாவி கொடுத்த கை சொன்னால் பொறுக்கத்தானே வேண்டும் என்பது அவர் நியாயம். என்னிடம் சொல்லியிருந்தால் சட்டப்படி ஒரு நோட்டீஸ் அடித்திருப்பேன் என்று இப்போது எழுத ஆசையாக இருக்கிறது. அவர் சொன்னார். நான் அடிக்கவில்லை. மூர்த்தி அண்ணை எட்டு வீட்டுக்காரர். என் மேலாளர் அவர் வந்தால் எழுந்து நிற்பார்.

சட்டம் என்று அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. வாடகை வீட்டின் முக்கியமான அறையைப் பதினெட்டு டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய ஒரு கருவி, நிலையாகப் பொருத்தப்பட்டதாக, இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் தேதிக்குப் பிறகு எந்தத் தனியார் வாடகை வீட்டுக்கும் சாக்குச் சொல்ல முடியாது. அதனால் இங்கே குளிர்காலம் தொடங்கும் அந்த ஜூன் மாதம் எங்கள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. கோப்புக்குக் கோப்பு ஒரு தாள். மாட்டியவர் அதில் கருவியின் மாடல், சீரியல் எண் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருப்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டிய கருவியின் புகைப்படம் இணைக்க வேண்டும். இணைத்தாயிற்று என்று நான் ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும்.

மூர்த்தி அண்ணை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். புது ஹீட் பம்ப் வாங்கிவிட்டார். பெட்டி அவர் கராஜில் வந்து இறங்கியதும் கிளெமென்ட் அண்ணா போய்ப் பார்த்து, அளவு சரிதான் என்று தடவிக்கூடப் பார்த்துவிட்டு வந்தார். வரும் சனிக்கிழமை மாட்டுவது என்று பேச்சு. "நீர்தானே பூட்டப்போறீர், நீர்தானே இருக்கப்போறீர், பேப்பரை இப்பவே முடிச்சுவிடும் தம்பி" என்றார் மூர்த்தி அண்ணை.

செவ்வாய்க்கிழமை தாளோடு என் மேசைக்கு வந்தார். மாட்டியவர் என்ற இடத்திலும் அவர் பெயர், குடியிருப்பவர் என்ற இடத்திலும் அவர் பெயர். பெட்டியிலிருந்து பார்த்து எழுதிய சீரியல் எண், அழகான சாய்ந்த கையெழுத்தில்.

"அண்ணா, போட்டோ இல்லையே?"

"சனிக்கிழமை பூட்டிப்போட்டு அனுப்புறன் தங்கச்சி. விக்ரோறியா இப்பவே சுவரெல்லாம் துடைச்சு வைச்சிட்டா."

சிரித்தார். நானும் சிரித்தேன். ஆயிரம் வீட்டுக்கு மாட்டியவர், தன் வீட்டுக்கா மாட்டாமல் விடப்போகிறார்? டிக் போட்டேன்.

விக்ரோறியா அக்கா சுவரைத் துடைத்ததோடு விடவில்லை. ஹாலில் அந்த இடத்தில் மடு மாதா படம் ஒன்று இருந்தது. ஹீட் பம்பின் சூட்டில் படம் வெளிறிவிடும் என்று அதைக் கழற்றிப் படுக்கையறையில் மாட்டிவிட்டார். சுவரில் ஒரு வெளுத்த சதுரமும் ஆணித்துளையும் மட்டும் மிச்சம்.

வியாழக்கிழமை மூர்த்தி அண்ணையிடமிருந்து போன். பிளாட் புஷ்ஷில் அவர் மகள் லக்ஷிகா புது வீடு வாங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சிக் குடிபுகுகிறார்கள், நாள் குறித்து ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அந்த வீட்டு ஹாலுக்குச் சொல்லிவைத்த ஹீட் பம்ப் கப்பலில் மாட்டிக்கொண்டது. "சனம் வந்து குளிருக்க நடுங்கேலாது தம்பி. அந்தப் பெட்டியக் கொண்டுபோய் அங்க பூட்டிவிடும். உமக்கு அடுத்த கிழமை வேற ஒண்டு வருது. பிள்ளேன்ர நல்ல காரியம், இல்லையெண்டு சொல்லாதையும்."

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வேறு யாராக இருந்தாலும் "அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், முடியாது" என்றிருப்பான். நம் ஆட்களுக்கு அது வராது. நல்ல காரியத்துக்குக் கேட்டதை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்கிற மாதிரி வளர்த்திருக்கிறார்கள். மதம் வேறாக இருந்தாலும் அதில் எல்லாரும் ஒன்று. சனிக்கிழமை காலை, தன் வீட்டுச் சுவரில் அது ஏறியிருக்க வேண்டிய அதே நேரத்தில், கிளெமென்ட் அண்ணா பிளாட் புஷ்ஷில் ஏணி போட்டார். வீட்டில் விக்ரோறியா அக்காவிடம், கப்பலில் மாட்டிக்கொண்டது நம்முடையதுதான் என்று சொல்லிவிட்டார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவர் மனைவியிடம் சொன்ன முதல் பொய் அது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

பால் காய்ச்சுக்கு நானும் போயிருந்தேன். வாசலில் வாழை, உள்ளே நூறு பேர், பலகாரம், இரட்டைக் கண்ணாடி ஜன்னல். ஹீட் பம்பே தேவையில்லாத அளவுக்கு மனிதச் சூடு. ஆனாலும் அது ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே போட்ட நாற்காலியில் விக்ரோறியா அக்கா. காலையில் உட்கார்ந்தவர் சாப்பாடு வரை எழுந்திருக்கவில்லை. முகத்தில் இரத்தம் ஓடியிருந்தது. அவ்வளவு நேரமும் ஒரு தடவைகூட இருமவில்லை.

"நல்ல சுகமான சூடு தங்கச்சி" என்றார் என்னிடம். பிறகு கணவரைப் பார்த்து, "இஞ்சருங்கோ, எங்கடயும் இந்த மாதிரித்தானோ?" என்று கேட்டார்.

"ஓம், இதே மாதிரித்தான்" என்றார் அவர். அப்போது நான் அதை ஒரு சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டேன். அவர் ஏன் தட்டை வைத்துவிட்டு வெளியே போனார் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிழமை ஹீட் பம்ப் வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் இல்லை. ஜூலையில் மூர்த்தி அண்ணைக்கு நகராட்சியிலிருந்து அனுமதி வந்துவிட்டது, பழைய வீட்டை இடித்துவிட்டு நான்கு அடுக்கு வீடுகள் கட்டலாம் என்று. "இடிக்கிற வீட்டுக்கு ஏன் தம்பி புதுசு? இன்னும் ஆறு மாசம்தானே, அக்காவை நல்லாப் போர்த்திக்கொண்டிருக்கச் சொல்லும்" என்று சொல்லிவிட்டார். கிளெமென்ட் அண்ணா அப்போதாவது பழையது ஒன்றை எடுத்து மாட்டியிருக்கலாம். மாட்ட நினைத்தும் விட்டார். சுவரில் ஓட்டை போடாதே என்ற சொல் ஒரு பக்கம். காகிதத்தில் இருப்பது ஓர் எண், சுவரில் இருப்பது வேறு எண் என்றால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயம் இன்னொரு பக்கம். நான் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், போட்டோ எங்கே என்று. "வரும் தங்கச்சி" என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன். கோப்பில்தான் டிக் இருக்கிறதே.

ஜூலைக் கடைசியில் விக்ரோறியா அக்காவுக்கு நிமோனியா. மருத்துவமனையில் பத்து நாள் வைத்திருந்து, கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். வீடு எப்படி என்று விசாரிக்க ஒரு நர்ஸ் வந்தாள். குளிர் வீடு என்றால் வீட்டுக்காரரிடம் பேசி ஏற்பாடு செய்யும் திட்டமெல்லாம் அவர்களிடம் உண்டு. அவள் எங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டாள். நான் கோப்பைப் பார்த்து, அதில் இருந்ததைப் படித்தேன். ஹாலில் புது ஹீட் பம்ப் இருக்கிறது, இன்ன மாடல், இன்ன எண். அவளும் சந்தோஷமாகக் கணவரிடம் போய், "உங்கள் வீட்டில் நல்ல வசதி இருக்கிறதே, கூட்டிப் போகலாம்" என்று சொல்லியிருக்கிறாள். தன் கையெழுத்து தன்னைப் பார்த்துப் பேசும்போது அவர் என்ன சொல்வார்? தலையாட்டினாராம். நாலாம் நாள் திரும்ப ஆம்புலன்ஸ். விக்ரோறியா அக்கா அதன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. ஐம்பத்தோரு வயது.

எட்டாம் நாள் செபம் வீட்டில் வைத்தார்கள். மத்தியானம், வெளியே நல்ல வெயில், உள்ளே எல்லாரும் கம்பளிச் சட்டையோடு. ஃபாதர் செபம் முடித்துப் போனதும் ஜனுஷா டீ கொண்டுவந்தாள். மூர்த்தி அண்ணை சோபாவில் நடுவில் இருந்தார். கண் கலங்கித்தான் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். டீக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கி, மிக இயல்பாகச் சொன்னார்:

"சரியான குளிராக் கிடக்கு. ஹீட் பம்பைப் போடும் தம்பி."

அவர் மறந்துவிட்டார். நடிக்கவில்லை, சத்தியமாக மறந்துவிட்டார். ஹாலில் இருந்த அத்தனை பேரும் சுவரை நிமிர்ந்து பார்த்தோம். வெளுத்த சதுரம், ஆணித்துளை.

கிளெமென்ட் அண்ணா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "அது லக்ஷிகா வீட்டில ஓடுது அண்ணை. நான்தானே பூட்டினது. விக்ரோறியாகூட அதுக்குக் கீழ இருந்து பாத்தவ, நல்ல சூடு எண்டு சொன்னவ."

மூர்த்தி அண்ணை, "அதை இப்ப ஏன் தம்பி கதைப்பான்" என்றார். ஜனுஷா தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மூர்த்தி அண்ணை எழுந்து போனார். போகும்போதும் கிளெமென்ட் அண்ணா வாசல் வரை போய் வழியனுப்பினார். அந்தப் பழக்கத்தை மட்டும் எந்தக் கோபத்தாலும் உடைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை எட்டு ஐம்பதுக்கு என் மேசை முன்னால் நின்றார்.

"அந்தப் பேப்பரில நான் எழுதினது பொய் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ தங்கச்சி. எனக்கு அந்தளவு இங்கிலீஷ் வராது. வாடகைத் தீர்ப்பாயத்துக்குக் குடுக்கவேணும்."

"அண்ணா, மூர்த்தி சாருக்கு ஏதோ அபராதம் போடுவாங்க, கட்டிட்டுப் போயிருவார். உங்களுக்கு லைசென்ஸே போயிரும். இனிமே இந்த ஊர்ல யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

"போகட்டும்."

"நல்லா யோசிச்சீங்களா?"

"யோசிச்சு யோசிச்சுத்தானே தங்கச்சி அவவை விட்டனான்."

உட்காரச் சொல்லிவிட்டு எழுதினேன். கருவி பொருத்தப்படும் முன்பே பொருத்தியதாகக் கையெழுத்திட்டேன், அந்த எண்ணுள்ள கருவி வேறு வீட்டில் இருக்கிறது, வீட்டுக்காரர் சொல்லி நானே அங்கே மாட்டினேன், என் மனைவி இறந்துவிட்டாள். ஒரு பக்கம்கூட வரவில்லை. படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் "ஓம்" என்றார். கடைசியில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அசல் தாளைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். புகைப்படம் இணைக்கப்பட்டது என்ற கட்டத்தில் நீல மையில் என் டிக். அதன் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து.

அதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். விரல் அந்த இடத்தில்தான் இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நன்றி தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதத்தில் அந்த டிக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எழுதியது நான்தானே.